இன்டர்ப்ரெட்டருக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள்ள வேணும்)

மீனா:
எல்லாருக்கும் வணக்கம். சோஷியல் ஒர்க் பசங்களுக்கு ஒரு பாடம் தமிழ்ல பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் ஊர்ல அரபி பேசுற நோயாளிங்களுக்கு வைத்தியம் கிடைக்கிறதுல என்னென்ன முட்டுக்கட்டைங்கறதுதான் பாடம். ஃபோர்டு ரூஜ் ஆலை வேலைக்கு வந்த லெபனான்காரங்க, ஏமன்காரங்க, அப்புறம் போருக்குத் தப்பி வந்த ஈராக்காரங்கன்னு அங்க பெரிய கூட்டம், ஆனா அரசாங்கப் படிவத்துல இவங்க எல்லாரும் ‘வெள்ளையர்’ கட்டத்துக்குள்ள, தனிக் கட்டம் வேணும்னு முடிவானதே 2024 மார்ச்சுலதான், அதனால இவங்கள்ல யாருக்கு என்ன வியாதி அதிகம்னு சரியான கணக்கே கிடையாது.

சிக்கல் என்னன்னா, நோட்டீஸை அரபில எழுதித் தர்றவரும் மொழிபெயர்ப்பாளர், டாக்டர் பக்கத்துல நின்னு வாயால மாத்திச் சொல்றவரும் மொழிபெயர்ப்பாளர்னு வருது. அரபி நோட்டீஸ் வெச்சுட்டோம், வேலை முடிஞ்சதுன்னு ஆஸ்பத்திரி நெனைக்குது. நோட்டீஸ்ல இருக்கிறது ஃபுஸ்ஹா, அதாவது ஏட்டு அரபி. எழுதப்படிக்கத் தெரியாத ஏமன் பாட்டிக்கு அது எதுக்கு? இந்த வித்தியாசம் ஒரே சொல்லுல அமுங்கிப் போகுது. அட்ஹாக் இன்டர்ப்ரெட்டருக்கும், அதாவது பயிற்சி இல்லாம அந்த நேரத்துக்குக் கையில கிடைச்ச ஆளுக்கும், ஒரு சொல் வேணும்: கூட வந்த பத்து வயசுப் புள்ளையே அம்மாவோட கர்ப்பப்பை சமாச்சாரத்தை டாக்டர்கிட்ட சொல்றது.

துரைசாமி:
அம்மா மீனா, தொல்காப்பியர் மரபியலில் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறார். யாத்தல் என்றால் கட்டுதல், அது நூல் வேலை. குறுந்தொகை 11இல் மாமூலனார் ‘மொழிபெயர் தேஎத்தர்’ என்பது மொழி மாறிப்போன நாட்டார். பெயர்தல் என்றாலே இடம்விட்டு நகர்தல். உங்கள் ஆள் நகர்வதில்லை, இருவர் நடுவே நிற்கிறார். ஆகவே ‘இடைமொழிநர்’.

சுபா:
எங்கட பக்கம் இதுக்கு ஏற்கெனவே சொல் இருக்கு. இலங்கையில மொழிபெயர்ப்பாளர் வேற, உரைபெயர்ப்பாளர் வேற. வாயால செய்யிறவர் உரைபெயர்ப்பாளர். முந்திக் கோட்டில அவரை முதலியார் எண்டு கூப்பிட்டவை, அது வேற கதை. ஏன் புதுசா ஒண்டைச் செய்யோணும்?

துரைசாமி:
உரை என்றால் மாணவர்க்குப் பரிமேலழகர்தானே நினைவுக்கு வருவார்? பெயர்ப்பும் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

காதர்:
ஐயா, நாம ஏற்கெனவே வெச்சிருந்த சொல்லு துபாஷி, ரெண்டு பாஷை தெரிஞ்சு நடுவுல நிக்கிறவர். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு யாரு? அரபில தர்ஜுமான், ஐரோப்பாக்காரன் வாய்ல அதுதான் ட்ராகோமன் ஆச்சு. நாங்களும் குர்ஆன் மொழிபெயர்ப்பை ‘தர்ஜுமா’ன்னுதானே சொல்றோம். அரபி நோயாளி பாடத்துக்கு அரபிலேர்ந்தே ஒரு சொல் எடுத்தா என்ன தப்பு?

மீனா:
காதர் பாய், துபாஷின்னா வியாபாரத் தரகர் ஞாபகம் வந்து கமிஷன் வாடை அடிக்குது. டியர்பார்ன்ல பெரிய பயமே அதுக்குக் கிட்டத்தட்ட பக்கத்துலதான் இருக்கு: நடுவுல நிக்கிறவர் நம்ம பள்ளிவாசல் ஆளாச்சே, மனசு சரியில்லன்னு டாக்டர்கிட்ட சொன்னா நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிடுமேன்னு வாயே திறக்காதவங்க உண்டு. முகம் தெரியாம போன்ல பேசுற ஆளே தேவலைன்னு கேக்குறவங்களும் இருக்காங்க.

ராஜா:
நான் சென்னை கிரீம்ஸ் ரோடு பக்கம் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருந்தவன். ஓமன், ஏமன், ஈராக்னு வருவாங்க, எங்களுக்கு ‘இன்டர்ப்ரெட்டர் தம்பி’தான், இடைமொழிநர்னா எந்தக் கவுண்டர்ல கேக்குறதுன்னு சனம் திணறிடும். அந்த அரபிக்காரங்களே சுகருக்கு சுக்கர், பிரஷருக்கு தக்த்துன்னு நம்மள மாதிரிதான் பேசுறாங்க. சொல்லு இல்ல சார் பிரச்சனை. ‘கல்பீ மக்பூத்’னு ஒரு அம்மா சொல்வாங்க, மனசு இறுகிப் போச்சு, என்னமோ பயமா இருக்குன்னு அர்த்தம், அதை அரைகுறையா தெரிஞ்சவன் நெஞ்சு புடிக்குதுன்னு மாத்தினா நேரா ஈசிஜி ரூம்தான். அதுலயும் ஈராக் அரபி தெரிஞ்சவனுக்கு மொராக்கோ அரபி பாதி புரியாது.

துரைசாமி:
சுக்கர் பாரசீகம் வழியாகப் போன வடசொல் சர்க்கரா. ஆனால் கன்னல், அயிர், விசயம் என்றெல்லாம் நம்மிடம்

சுபா:
ஐயா, சீனிக்குப் பிறகு வருவம். இப்ப அட்ஹாக்குக்கு என்ன?

மீனா:
‘தற்காலிக’ன்னா கான்ட்ராக்ட் ஸ்டாஃப் மாதிரி இருக்கு. ‘கூடவந்தோர்’னா வராந்தாவுல போன வாட்ச்மேனைப் பிடிச்சு நிறுத்துறது அதுல அடங்காது. ‘பயிற்சியில்லா உரைபெயர்ப்பாளர்’னு போட்டுடவா?

துரைசாமி:
‘பயிலா’ என்றாலே போதும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நான்கெழுத்து மிச்சம்.

ராஜா:
பயிலான்னா பசங்க ஏதோ பொண்ணு பேருன்னு நெனைப்பாங்க சார்.

சுபா:
பயிற்சியில்லா எண்டே போடுங்கோ, விளங்கும்.

ராஜா:
அப்ப உரைபெயர்ப்பாளரே இருக்கட்டும். எனக்குத் தூக்கம் வருது.

காதர்:
உரைபெயர்ப்பாளர் சரி. ‘பயிற்சியில்லா’ எனக்கு ஒப்பலை. குத்தம் அந்தப் பத்து வயசுப் புள்ளை தலையில விழுது, அதை நிக்க வெச்சது ஆஸ்பத்திரி இல்லையா? அமெரிக்காவோட 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்து (ஒபாமாகேர்) 1557ஆம் பிரிவுக்கு 2016ல வந்த விதியிலயே அவசர நேரம் தவிர சின்னப் புள்ளைங்களை நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்குத்தான் சொல்லியிருக்கு. சொல்லுலயும் அவங்களைத்தான் சுட்டணும், ‘ஒப்பேற்றுப் பெயர்ப்பு’ன்னு சொல்லிப் பாருங்க.

மீனா:
பாய், நல்லாத்தான் இருக்கு, ஆனா பரீட்சைத் தாள்ல ‘ஒப்பேற்று’ன்னு வந்தா தலைமையாசிரியர் அடிச்சுடுவார். அடிக்குறிப்புல போடுறேன். துரை ஐயா, இடைமொழிநரை அடுத்த பதிப்புல கண்டிப்பா பாப்போம்.

துரைசாமி:
சென்ற பாடத்துக்கும் இதையேதான் சொன்னீர்கள்.