வயோமிங்கில் வெஸ்டர்ன் நாவலாசிரியரின் புத்தகக் கையெழுத்து நிகழ்ச்சி: என்ன எடுத்துப் போகலாம், என்ன கேட்கலாம்?

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. நான் டென்வரில் இருக்கிறேன். சிவகாசியிலிருந்து வந்த டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன், இங்கே வந்த பிறகு ஆங்கில வெஸ்டர்ன் (கௌபாய் காலத்துக் கதை) நாவல்களும் பிடித்துப் போய்விட்டன. நான் பல வருடமாக விடாமல் படிக்கும் ஓர் எழுத்தாளர், வயோமிங் மாநிலத்தில் பஃபலோ என்ற சின்ன ஊரில் இருக்கும் ஜிம் கேட்செல் மியூசியத்துக்கு அடுத்த மாதம் கையெழுத்துப் போட வருகிறார். ஆறு மணி நேர ஓட்டம், ஆனாலும் போவதென்று முடிவு செய்துவிட்டேன், மகளும் வருகிறாள். என்னிடம் இருப்பதெல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதிகள், அவற்றை நீட்டினால் தப்பாக நினைப்பார்களா? அப்புறம், புத்தகக் கடையில் வைக்காமல் உள்ளூர் வரலாற்று மியூசியத்தில் ஏன் வைக்கிறார்கள்? அங்கே பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா?

பதில் 1:

தாராளமாக எடுத்துப் போங்கள். பழைய பிரதி, மடங்கிய பிரதி, எதுவானாலும் படித்த புத்தகம் என்றால் எழுத்தாளர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு புத்தகமாவது மியூசியக் கடையில் புதிதாக வாங்கிவிடுங்கள், இப்படிப்பட்ட சின்ன மியூசியங்கள் கடை விற்பனையையும் நன்கொடையையும் நம்பித்தான் நிற்கின்றன, நிகழ்ச்சி நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆளுக்கு இத்தனை புத்தகம்தான் என்று வரம்பு இருக்கலாம், முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள், வரிசையில் நின்றுகொண்டு நம் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொல்வது இரண்டு பேருக்குமே சிரமம். கையெழுத்து வேண்டிய பக்கத்தை முன்பே திறந்து வையுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் அவரோடு நிதானமாகப் பேசலாம்.

பதில் 2:

ஏன் மியூசியத்தில் என்று கேட்டீர்களே, வெஸ்டர்ன் கதைகளின் பாதி மூலப்பொருள் அந்த ஊரைச் சுற்றித்தான் கிடக்கிறது சார். ஜிம் கேட்செல் அந்த ஊரில் 1900இல் மருந்துக் கடை திறந்தவர். லகோட்டா, செயென் என்ற பூர்வகுடி மக்களோடும் பழைய கௌபாய்களோடும் படைவீரர்களோடும் நெருங்கிப் பழகி, அவர்கள் கொடுத்த பொருள்களையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் போன பிறகு, 1957இல், அந்தச் சேகரிப்பு மியூசியம் ஆனது.

ஆனால் நீங்கள் அங்கே நின்று பார்க்க வேண்டியது பஃபலோ இருக்கும் ஜான்சன் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) பெரிய பண்ணை முதலாளிகளுக்கும் சின்னக் குடியேறிகளுக்கும் நடந்த 1892 ஜான்சன் கவுண்டி போர். 1886-87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, பெரிய பண்ணை முதலாளிகள் நொடித்துப் போனார்கள். அதற்கு முன்பே 1884இல், சூடு போடாத அநாதைக் கன்றுகள் எல்லாம் அவர்களுடைய சங்கத்தின் பொறுப்பில் போகும்படி சட்டம் செய்துகொண்டிருந்தார்கள். சின்னதாக நிலம் பிடித்துக் குடியேறியவன் அப்படி ஒரு கன்றுக்குத் தன் சூட்டைப் போட்டால் அவன் திருடன். கடைசியில் டெக்சாஸிலிருந்து துப்பாக்கிக் கூலியாட்களை வரவழைத்து, வயோமிங் தலைநகரான செயென் நகரிலிருந்து தனி ரயில் பிடித்து, ஐம்பது பேர் அளவுக்கு ஒரு கும்பலாகக் கிளம்பினார்கள். ஏப்ரல் 9 அன்று கே.சி. பண்ணையில், திருடர்கள் என்று அவர்கள் குறி வைத்திருந்த நேட் சாம்பியன், நிக் ரே இருவரையும் கொன்றார்கள். நிக் ரே காலையிலேயே சுடப்பட்டார். சாம்பியன் அந்த மரவீட்டுக்குள் தனியாகப் பகல் முழுவதும் தாக்குப்பிடித்தார், குண்டுகளுக்கு நடுவே சின்ன நோட்டுப் புத்தகத்தில் நடப்பதை எழுதிக்கொண்டே இருந்தார். வண்டியில் தீ வைத்து வீட்டின் மேல் தள்ளிய பிறகுதான் வெளியே ஓடி வந்தார், சுட்டுவிட்டார்கள். எனக்கு எந்த நாவலின் வீரனைவிடவும் இந்த மனிதர் பெரியவர்.

செய்தி பஃபலோவுக்கு எட்டியதும் ஷெரிஃப் ரெட் ஆங்கஸும் ஊர் மக்களும் திரண்டு போய், டி.ஏ. பண்ணையில் அந்தக் கும்பலைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஜனாதிபதி ஹாரிசனுக்குத் தந்தி போய், பக்கத்துக் கோட்டையிலிருந்து குதிரைப்படை வந்து காப்பாற்றியது யாரை என்றால், கொல்ல வந்தவர்களை. வழக்கு நடத்தக் கவுண்டியிடம் பணம் இல்லாமல் அடுத்த ஜனவரியில் எல்லோரும் விடுதலை.

கேள்வி கேட்டவர்:

அடேயப்பா, இதைப் பற்றி இவ்வளவு விவரமாக இப்போதுதான் படிக்கிறேன். அந்த எழுத்தாளரின் நாவல்களில் பண்ணை முதலாளிதான் எப்போதும் நியாயஸ்தன். அதைப் பற்றி அவரிடமே கேட்டால் மரியாதைக் குறைவாக இருக்குமா?

பதில் 2:

கட்டாயம் கேளுங்கள். இந்த வகை நாவலுக்கே வழி போட்டவர் என்று சொல்லப்படும் ஓவன் விஸ்டர், 1885இல் முதல் முறை வயோமிங் வந்தபோது தங்கியது ஃபிராங்க் வால்காட்டின் பண்ணையில். 1892இல் அந்தக் கும்பலைத் தலைமை தாங்கி நடத்தியவர் இதே வால்காட். விஸ்டர் 1902இல் எழுதிய 'தி வர்ஜீனியன்' நாவலில் மாடு திருடியதற்காக நண்பனையே தூக்கில் போடுகிறவன்தான் கதாநாயகன், நீதிபதி ஒருவர் அதற்கு நியாயமும் சொல்கிறார். யார் வீட்டில் சாப்பிட்டாரோ அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார் என்பது என் கருத்து. அந்தப் பார்வைதான் பல வருடம் மற்ற கதைகளுக்கும் சினிமாவுக்கும் போனது.

பதில் 3:

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. சின்னக் குடியேறிகளின் பக்கம் நின்று எழுதப்பட்ட வெஸ்டர்ன்களும் நிறைய இருக்கின்றன, மொத்தமாக ஒரே பக்கம் தள்ள வேண்டாம். நாவலாசிரியருக்குத் தன் பாத்திரத்தின் பக்கம் நிற்கும் உரிமையும் உண்டு. ஆனால் இரண்டு தரப்புமே லகோட்டா, செயென் மக்களிடமிருந்து பறித்த நிலத்தில்தான் சண்டை போட்டார்கள், அது பெரும்பாலான நாவல்களில் வருவதே இல்லை. பஃபலோவுக்குக் கொஞ்சம் வடக்கே ஃபில் கியர்னி கோட்டை இருந்த இடம் இருக்கிறது. 1866 டிசம்பர் 21இல் அந்த மக்களோடு நடந்த சண்டையில் ராணுவ அதிகாரி ஃபெட்டர்மேனும் அவரோடு போனவர்களுமாக 81 பேரும் அதன் அருகே மாண்டார்கள், அவர்களோடு செய்த 1868 உடன்படிக்கைக்குப் பிறகு ராணுவமே கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போனது. அதையும் மகளுக்குக் காட்டுங்கள்.

எழுத்தாளரிடம் "ஏன் இப்படி எழுதினீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "இந்த நாவலுக்கு எந்தப் பழைய கடிதங்கள், ஆவணங்கள் படித்தீர்கள்" என்று கேளுங்கள். உழைத்து எழுதியவர் என்றால் உற்சாகமாகப் பேசுவார். மியூசியத்தை முதலில் சுற்றிப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள், அப்போது கேட்பதற்கு நிறையக் கிடைக்கும். டென்வரிலிருந்து ஐ-25 நெடுஞ்சாலையில் வரும்போது பஃபலோவுக்கு முன்னால் கேசி என்று ஒரு ஊர் வரும், கே.சி. பண்ணையின் பெயர்தான் அது. டி.ஏ. பண்ணையும் அதே வழியில்தான், இப்போது விருந்தினர் தங்கும் பண்ணையாக இருக்கிறது, 1892 குண்டுகள் துளைத்த கொட்டகையும் அங்கே நிற்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.