மீன் இல்லாத ஓடைக்கு 75 அடி: வாஷிங்டன் வனவிதி மாற்றம் சரியா, மிகையா?

நீரோட்டம்:
வாஷிங்டன் மாநில வனச் செயல்முறை வாரியம் 2025 நவம்பரில் வாக்கெடுப்பில் எடுத்த முடிவைப் பற்றியது இந்தத் திரி. மேற்கு வாஷிங்டனில் மீன் இல்லாத, ஆனால் ஆண்டு முழுதும் நீர் இருக்கும் சிற்றோடைகளை விதிப்புத்தகம் 'என்பி வகை' என்கிறது. அவற்றின் கரையோரம் மரம் வெட்டாமல் விடவேண்டிய நிலக்கீற்று, அதாவது 'பட்டை', இனி 75 அடி வரை அகலமாகிறது.

பழைய விதியில் 50 அடி, அதுவும் ஓடை நீளத்தில் பாதிக்குத்தான். 1000 அடிக்கு மேல் நீளமான ஓடையென்றால் மீனுள்ள 'எஃப் வகை' ஓடையில் போய்ச் சேரும் இடத்திலிருந்து மேலே 500 அடி கட்டாயம். ஊற்றுக்கண்ணைச் சுற்றி 56 அடி ஆரம் விட வேண்டும். மீதி இடத்தில் தண்ணீர் ஓரம் வரை வெட்டலாம். கரையிலிருந்து 30 அடிக்குள் இயந்திரம் ஓட்டி, அந்தப் பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் மண்ணைக் கிளறினால் மட்டும் சரிசெய்து தர வேண்டும்.

மாற்றம் சரி என்பது என் கட்சி. தாமதம் என்றும் சொல்வேன். 1999-இல் 'காடும் மீனும்' உடன்பாடு சட்டமானபோதே, இந்தச் சிற்றோடை விதி போதுமா என்று ஆராய்ந்து பார்த்துத் திருத்துவோம் என்று எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டன. கடினப்பாறைப் பகுதிகளில் நடத்திய ஆய்வுக்காக 2008-09 வாக்கில் மரம் வெட்டினார்கள். அறிக்கை 2018-இல் வந்தது. விதிப்படி பட்டை விட்ட ஓடைகளிலும் தண்ணீர் சூடானது, ஓரிரு ஆண்டில் தணியவும் இல்லை. இதற்குப் பிறகும் 50 அடியைப் பிடித்துத் தொங்குவதில் பொருளில்லை.

கணக்குப்பிள்ளை:
அடியில் பேசினால் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும். ஏக்கரில் பேசுவோம்.

1000 அடி ஓடை ஒன்றை எடுங்கள். பழைய விதியில் 500 அடி நீளம், இரு கரையும் சேர்த்து 100 அடி அகலம்: 50,000 சதுர அடி, அதாவது 1.15 ஏக்கர். முழு நீளத்துக்கும் இரு பக்கமும் 75 அடி என்றால் 1,50,000 சதுர அடி, 3.44 ஏக்கர். மூன்று மடங்கு. 40 ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தின் நிலத்தில் 2000 அடி ஓடை ஓடினால் ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். ஆறில் ஒரு பங்கு நிலம். அங்கே டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரம் நாற்பது, ஐம்பது ஆண்டு நின்று பருத்திருக்கும். வெட்டக் கூடாது, ஆனால் வரியும் சாலைப் பராமரிப்பும் நிலக்காரர் தலையில்.

மொத்தமே 80 ஏக்கருக்குக் கீழ் வைத்திருப்பவரின் 20 ஏக்கர் துண்டுக்கு விலக்கு உண்டு என்பீர்கள். உண்டுதான். 45 ஏக்கர்க்காரர் என்ன செய்வார்? சியாட்டில், டகோமா பக்கம் காட்டுநிலத்தை வீட்டுமனையாகக் கேட்டு ஆள் காத்திருக்கிறான். மனை போட்டுவிட்டால் வனவிதியின் 75 அடியும் இல்லை, 50 அடியும் இல்லை, தார்ச்சாலையும் கூரையும்தான். மீனுக்கு எது கெடுதல்?

இன்னொன்று. இந்த ஓடைகளில் மீன் கிடையாது. கீழே 500 அடி நிழலில் ஓடும்போது சூடு ஆறிவிடும்.

சல்லிமண்:
> கீழே 500 அடி நிழலில் ஓடும்போது சூடு ஆறிவிடும்

எப்போதும் ஆறாது. நிழல் புதிய வெயிலைத் தடுக்கும். ஏற்கெனவே நீரில் ஏறிய வெப்பத்தை அதுவாக வெளியே எடுத்துவிடாது. தண்ணீர் உண்மையில் குளிர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். குளிர்ந்த நிலத்தடி நீர் வந்து கலக்க வேண்டும், அல்லது ஓடைநீர் சரளைக்குள் இறங்கிப் பாய்ந்து மீண்டும் மேலே வர வேண்டும். தடித்த சரளைப் படுகையுள்ள ஓடையில் 500 அடி போதலாம். எரிமலைப் பாறை தெரிய ஓடும் செங்குத்து ஓடையில் சரளையே சொற்பம். அங்கே மேலே ஏறிய சூடு கீழே மீனிருக்கும் இடம் வரை வந்து சேரும்.

இரண்டு அடி அகலம், சில அங்குலம் ஆழம் உள்ள நீருக்கு ஆகஸ்ட் மதிய வெயில் நேராக விழுவதே முக்கியக் காரணம், காற்றின் சூடு இரண்டாம்பட்சம். ஆகவே பட்டை வேண்டாம் என்பாரோடு நான் இல்லை.

ஆனால் எல்லா ஓடைக்கும் ஒரே அகலம் என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. கிழக்கு மேற்காக ஓடும் ஓடைக்குத் தென்கரை மரம்தான் நிழல் தருகிறது. வடகரையில் 75 அடி விட்டால் மரத்துண்டும் மண்பிடிப்பும் கிடைக்கும், நிழல் பெரிதாகக் கூடாது. ஆழமான பள்ளத்தாக்கில் மலையே நிழல்.

முழுவெட்டு நடந்த இடத்தில் 50 அடி ஒல்லிப் பட்டை காற்றுக்கு நிற்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். 2007 டிசம்பர் புயல் மாதிரி ஒன்று கடற்கரைப் பக்கம் அடித்தால் பட்டை சரிந்து ஓடைக்கு மேலேயே கிடக்கும். கிடக்கும் மரம் மணலைத் தேக்கும், படிக்கட்டு போல் குழிகள் உண்டாக்கும், அது நல்லதே. மேலிருந்து வந்த நிழல் போனது போனதுதான். வெட்டிய கையோடு கிளைக்கழிவு ஓடையை மூடிக் கிடந்தால் முதல் சில ஆண்டு வெப்பமானி பெரிதாக ஏறாது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 'பாதிப்பில்லை' என்பவர்களும் இருக்கிறார்கள்.

நீரோட்டம்:
சல்லிமண் சொல்லும் 'தென்கரை விதி' தாளில் அழகு. வெட்டு விண்ணப்பம் வந்தால் பெரும்பாலானவற்றுக்கு 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஓடைத் துண்டுக்கும் திசை, பள்ளத்தின் சரிவு, மரத்தின் உயரம் எல்லாம் கணக்கிட்டு அகலத்தை மாற்றினால் எந்த வன அலுவலர் அதைப் போய்ச் சரிபார்ப்பார்? டேப் பிடித்து அளக்கக்கூடிய விதிதான் களத்தில் நிற்கும்.

75 வானத்திலிருந்து விழுந்த எண்ணும் அல்ல. மீன் ஓடைகளில் நிழலுக்கென்று மரம் விடும் விதி ஏற்கெனவே 75 அடிக்குள்தான் பேசுகிறது.

சட்டத்தையும் பாருங்கள். சூழலியல் துறையின் நீர்த்தர விதியில் 0.3 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் ஏறினால் 'அளவிடத்தக்க மாற்றம்'. ஓடையில் மீன் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. வனவிதியைப் பின்பற்றினால் தூய நீர்ச் சட்டத்தையும் பின்பற்றியதாகக் கொள்வோம் என்று அதே துறை கொடுத்த உறுதியில்தான் மர நிறுவனங்கள் இத்தனை ஆண்டு நிம்மதியாக வெட்டின. விதி போதாது என்று ஆய்வு காட்டிய பிறகும் விதியைத் தொடாமலிருந்தால் அந்த உறுதி எப்படி நிற்கும்? அது போனால் ஓடைக்கு ஓடை வழக்குதான்.

கணக்குப்பிள்ளை:
0.3 டிகிரி கணக்கு தொழிற்சாலைக் குழாய்க்கும் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பொருந்துகிற அளவுகோல். அங்கே குழாய்க்கு மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒன்று போதும். காட்டு ஓடையில் ஆண்டுக்கு ஆண்டு வறட்சியே அதைவிட அதிகம் ஆட்டும். அதே விதியில், பொதுநன்மைக்குத் தேவையென்று காட்டினால் ஏற்றத்தை அனுமதிக்கும் வழியும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் யாரும் புரட்டுவதில்லை?

என் கேள்வி பணத்தைப் பற்றியது. ஒரு டாலரை எங்கே போட்டால் சால்மன் கூடும்? அடைபட்ட கல்வெர்ட்டை, அதாவது சாலைக்கடியில் ஓடை போகும் குழாயை, திறந்தால் அடுத்த மழைக்காலமே கோஹோ சால்மன் மேலே ஏறும். 75 அடிப் பட்டையின் பலன் தெரிய எத்தனை தலைமுறை?

வடகரை:
கல்வெர்ட்டைப் பட்டைக்கு எதிராக நிறுத்துவது பழைய உத்தி. பூர்வகுடிகள் இரண்டையும்தான் கேட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு: 1854, 1855 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்த குடிகள் மீன்பிடி உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1974-இல் நீதிபதி போல்ட் பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்றார். மீன் வளர இடமே இல்லாமல் பாதிப் பங்குக்கு என்ன மதிப்பு என்பதுதான் அடுத்த கேள்வி. அதை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் பேசித் தீர்க்கத்தான் 1987-இல் 'மரம், மீன், வனவிலங்கு' உடன்பாடு வந்தது. 1999 சட்டமும், 2006-இல் 50 ஆண்டுக்குக் கையெழுத்தான, சுமார் 93 லட்சம் ஏக்கர் காட்டை அடக்கிய வாழிடப் பாதுகாப்புத் திட்டமும் அந்த மேசையிலிருந்து வந்தவையே.

கல்வெர்ட் வழக்கு 2001-இல் தொடங்கியது. 2013-இல் நீதிமன்றம் தடையாணை போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்று பிரிந்ததால் கீழ்த்தீர்ப்பு அப்படியே நின்றது. அரசு நெடுஞ்சாலைத் துறையின் கல்வெர்ட்டுகள் அடைத்துவைத்திருக்கும் வாழிடத்தில் 90 சதவீதத்தை 2030-க்குள் திறக்க வேண்டும். திறந்தபின் மீன் ஏறிப் போகும் ஓடை ஆகஸ்டில் சுடுகிறது என்றால் செலவழித்த கோடிகளுக்கு என்ன பயன்?

சல்லிமண்:
கல்வெர்ட் 'அடுத்த மழைக்காலமே' பலன் தரும் என்பது சரியாகக் கட்டினால்தான். குழாய் மீனுக்குத் தடையாவது பல விதம். குழாய் வாயில் நீர்மட்ட வீழ்ச்சி 0.24 மீட்டர் ஆனாலே மாநில மீன்துறை அளவுகோலில் தடை. குழாய் ஓடையைவிட ஒடுங்கியிருந்தால் வேகம் கூடி வாய்க்குக் கீழே குழி பறிக்கும், வீழ்ச்சி ஆண்டுக்காண்டு பெரிதாகும். அடியில் சரளை இல்லாத வழுக்குக் குழாயில் குஞ்சு மீன் நின்று ஓய்வெடுக்க இடமில்லை.

இப்போது பெரிதும் பின்பற்றுவது ஓடையை அப்படியே குழாய்க்குள் தொடரவிடும் முறை. அகலம் = கரைநிரம்பும் அகலத்தின் 1.2 மடங்கு, கூட்டல் 2 அடி. 10 அடி ஓடைக்கு 14 அடி. குழாய் உயரத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை படுகைப் பொருளை நிரப்பிப் புதைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த நிரப்புதலில்தான். பெரிய கல்லை மட்டும் கொட்டினால் கோடையில் நீர் முழுதும் கல்லுக்கடியில் இறங்கி மேலே வறண்டுவிடும். மணலும் வண்டலும் கலந்து, நீர் பாய்ச்சி இடுக்குகளை அடைத்து, மேல்மட்டத்தில் நீர் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடையைத் திருப்ப வேண்டும்.

தொங்கும் பழைய குழாயை எடுத்தால் அதற்கு மேல்பக்கம் பல பத்தாண்டு தேங்கிய மண் அறுத்துக்கொண்டு மேல்நோக்கிப் போகும். மேலே எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் அறுக்கும் என்று நீள்வெட்டு அளந்து, தேவைப்பட்டால் மரத்தண்டுகளைப் பதித்துத் தடுக்க வேண்டும். வரிசையும் முக்கியம்: அரசுக் குழாய்க்குக் கீழே நகராட்சிக் குழாய் அடைத்திருந்தால் மேலே போட்ட பணம் காத்துக் கிடக்கும்.

காட்டுச் சாலைகளைப் பொறுத்தவரை பெரிய நிலக்காரர்கள் தங்கள் தடைகளைச் சீராக்க 2016 வரை கெடு. பிறகு 2021 வரை நீட்டித்தார்கள். ஆயிரக்கணக்கில் சரிசெய்தார்கள். அதை யாரும் மறைக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
நன்றி ஐயா, அதையாவது சொன்னீர்களே. இதே ஆட்கள் மேல்தான் இப்போது அடுத்த பாரம்.

இன்னொரு ஓட்டை. மீன் ஓடை எங்கே முடிகிறது என்பதே இன்னும் நிரந்தர விதியாகவில்லை. 2001 முதல் இடைக்கால விதியில் ஓடுகிறது வண்டி. மேற்கில் கரைநிரம்பும் அகலம் 2 அடிக்குக் குறையாமல், சரிவு 16 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மீன் இருப்பதாக எடுத்துக்கொள். 16-20 சதவீதமென்றால் மேலே 50 ஏக்கருக்கு மேல் நீர்ப்பிடிப்பு இருக்கிறதா பார். இல்லையென்று நிரூபிக்க மார்ச் 1 முதல் ஜூலை 15-க்குள் மீனை மயக்கிப் பிடிக்கும் மின்னதிர்ச்சிக் கருவியோடு இறங்கித் தேடு. எல்லைக்கோடே உறுதியில்லாத ஓடையில் கோட்டுக்கு மேலே 50-ஆ 75-ஆ என்று சண்டை.

நீரோட்டம்:
அதே காரணத்தால்தான் 75 உங்களுக்கும் நல்லது. எஃப், என்பி இரண்டுக்கும் இடையே பட்டை வித்தியாசம் குறையக் குறைய, கோட்டை 200 அடி கீழே இழுக்க வேண்டும் என்ற அவசரமும் குறையும். மின்னதிர்ச்சியில் மீனின் முதுகெலும்பு முறிவதும் மிச்சம்.

கணக்குப்பிள்ளை:
வித்தியாசம் குறைகிறதா? எஃப் ஓடையில் நல்ல மண்ணென்றால் பட்டை மொத்தம் 200 அடி. முதல் 50-இல் கோடரி படக்கூடாது. அதற்கடுத்த உள்வட்டத்தில் ஏக்கருக்கு 325 சதுர அடி தண்டுப்பரப்பு (மரத்தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பு) வரும் என்று காட்டினால்தான் கொஞ்சம் எடுக்கலாம். வெளிவட்டத்தில் ஏக்கருக்கு 20 மரம் விட வேண்டும். 75-க்கும் 200-க்கும் நடுவே சண்டை போட இடம் நிறையவே இருக்கிறது.

வடகரை:
சிறு நிலக்காரர் பாரம் உண்மை. அதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 20 லட்சம் போர்டு அடிக்கு (மரத்தின் கன அளவு) கீழ் வெட்டுபவருக்கு, கரையில் விட்ட மரத்தின் மதிப்பில் ஒரு பங்கை அரசு கொடுத்து உரிமைப்பத்திரம் எழுதிக்கொள்ளும் திட்டம் 1999 முதல் உண்டு. குழாயை மாற்றிக் கொடுக்கும் குடும்பக் காட்டு மீன்வழித் திட்டம் 2003-இல் வந்தது. இரண்டிலும் விண்ணப்ப வரிசை நீளம், நிதி குறைவு. வாரியத்திடம் அகலத்தைக் குறைக்கச் சொல்லும் நேரத்தில் சட்டமன்றத்திடம் அந்த நிதியைக் கேளுங்கள். பூர்வகுடிகளும் உடன் நிற்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
உடன் நிற்பார்கள் சரி. நிதி வரும்வரை விதியை நிறுத்திவைக்கச் சம்மதிப்பார்களா?

வடகரை:
மாட்டார்கள். 1999-இலும் 'முதலில் விதி, ஆய்வு பிறகு' என்றுதான் உங்கள் தரப்பு 50 அடியை வாங்கியது.