பங்குனியில் திறந்த வீட்டில் மரத்தூள், மண் கோடு, உதிர்ந்த இறகுகள்: எல்லாம் கரையான்தானா?

கேள்வி (காரைக்குடி வாசகி):

வணக்கம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் படைப்புக்காக (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு) பங்குனியில் திறந்தோம். வீட்டின் இரண்டாம் கட்டு என்னும் பகுதியில் ஒரு கதவு நிலையின் அடியில் வெளிர்மஞ்சள் தூள் குவிந்திருந்தது. நிலையில் குண்டூசித் தலை அளவில் வட்டத் துளைகள் தெரிகின்றன. பின்கட்டுச் சுவரில் தரையிலிருந்து மண் கோடு ஒன்று மேலேறியிருக்கிறது. கோடை மழை பெய்த மறுநாள் காலையில் முற்றத்து விளக்கின் அடியில் இறகுகள் உதிர்ந்து கிடந்தன. மருந்து அடிக்க வந்தவர்கள் அனைத்தும் கரையான் வேலையே என்றும், வீடு முழுவதும் சுவரோரமாகத் தரையைத் துளைத்து மருந்து செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறார்கள். தரை அப்பத்தா காலத்தில் பதித்த ஆத்தங்குடிக் கல், கையால் செய்யும் பூவேலைத் தளக்கல். அதைத் துளைக்க மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி (தேவகோட்டை, மர வேலை செய்பவர்):

வணக்கம் ஆச்சி. கதவு நிலையில் இருப்பது பெரும்பாலும் கரையானாக இராது. மரத்தைத் துளைக்கும் சிறு வண்டாக இருக்கும். அந்தத் தூளை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நைசான மாவாக ஒட்டினால் வண்டு. தனித்தனி மணிகளாக நெருடினால், மண்ணோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையானின் எச்சம். பர்மா தேக்கை எந்தப் பூச்சியும் தொடாது என்று நம் பக்கத்தில் உறுதியாகச் சொல்வார்கள். வைரம் பாய்ந்த உள்மரத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளை மரத்திலும், பழுது பார்க்கும்போது ஒட்டுப் போட்ட மா மரத்திலும் மாவுச்சத்து இருப்பதால் வண்டு அங்கேதான் முட்டையிடும். புழு மாதக்கணக்கில் உள்ளேயே தின்று வளர்ந்து, வெயில் ஏறும் பருவத்தில் வண்டாகித் துளையிட்டு வெளியேறுகிறது.

முதலில் தூளைத் துடைத்துவிட்டு, இருக்கும் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். சில வாரங்களில் தாளில் புதுத் தூள் விழுந்தாலோ, வட்டமிடாத துளை தோன்றினாலோ மட்டும் சிகிச்சை தேவை. வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசலைத் துளைகளில் ஊசியால் செலுத்தி, மரத்தின் மேலும் பூசலாம்; வார்னிஷ் இருந்தால் அதைச் சுரண்டாமல் பூசுவது வீண், மரம் உறிஞ்சாது. கரைசலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். உளுத்துப்போன பகுதியை வெட்டி எடுத்து, வைர மரத் துண்டை இழைத்துப் பொருத்துவதுதான் நிலைத்த தீர்வு.

மறுமொழி (பூச்சியியல் படித்தவர், புதுக்கோட்டை):

மண் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது நிலத்தடிக் கரையானின் பாதை. ஈரம் காயாமல் நடமாட அது மண்ணால் கட்டும் மூடிய வழி. முழுவதையும் சுரண்டிவிடாதீர்கள், நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். உடைந்த இடம் மறுபடி பூசப்பட்டிருந்தால் கரையான் இன்னும் நடமாடுகிறது.

இறகுகளைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. நான்கும் ஒரே நீளமாக இருந்தால் ஈசல், அதாவது இறகு முளைத்த கரையான். முன்னிரண்டும் நீண்டு பின்னிரண்டும் குட்டையாக இருந்தால் இறகு முளைத்த எறும்பு. ஈசலாகவே இருந்தாலும், செம்மண் காட்டில் புற்றுகள் நிறைந்த நம் ஊர்களில் முதல் மழைக்குப் பின் விளக்கைத் தேடி வெளியிலிருந்து வருவது இயல்பு. திறந்த முற்றத்தில் கிடந்த இறகு வீட்டுக்குள் புற்று இருப்பதற்குச் சான்றாகாது. பூட்டிய அறைக்குள் கிடந்தால் கவலைப்பட வேண்டும்.

பின்கட்டுச் சுவருக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: முற்றத்து மழைநீர் வடியும் வழி அடைத்திருக்கலாம், சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து நெடுநாள் காக்காது. ஒரு சுவருக்காக வீடு முழுவதையும் துளைக்கத் தேவையில்லை. அந்தச் சுவரின் வெளிப்புறத்தில் அடித்தளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி மண்ணில் மருந்து ஊற்றச் சொல்லுங்கள். உள்ளே துளைத்தே ஆக வேண்டுமென்றால், வழக்கமான ஓரடி இடைவெளியில், கல்லைத் தொடாமல் கல்லும் சுவரும் சேரும் பூச்சில் துளையிடலாம். ஆனால் கிணற்றருகிலும், கூரைநீர் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகும் வழியிலும் மருந்து கூடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. விறகு அந்தச் சுவரோரம்தான் அடுக்கியிருக்கிறது. நாளையே அகற்றச் சொல்கிறேன். துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அதோடு, இரும்புப் பெட்டியிலுள்ள பழைய பேரேடுகளின் ஓரத்தை ஏதோ அரித்திருக்கிறது.

மறுமொழி (தேவகோட்டை, மர வேலை செய்பவர்):

மண்ணெண்ணெய் வேண்டாம் ஆச்சி. அது உள்ளிருக்கும் புழுவைச் சென்றடையும் முன் ஆவியாகிவிடும், மரத்தில் கறை நிற்கும். படைப்பு வீட்டில் விளக்கெரியும்போது தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

மறுமொழி (பூச்சியியல் படித்தவர், புதுக்கோட்டை):

பேரேட்டை அரித்தது வெள்ளிப்பூச்சியாக இருக்கலாம்; தாளிலும் ஏட்டைக் கட்டப் பூசிய பசையிலும் உள்ள மாவுச்சத்துதான் அதன் உணவு. தாளின் மேல் மருந்து தெளிக்காதீர்கள், கடும் வெயிலிலும் போடாதீர்கள். காற்றோட்டமான நிழலில் விரித்து, மென்தூரிகையால் ஒவ்வொரு பக்கமாகத் துடைத்து, பெட்டியின் உட்புறம் நன்றாக உலர்ந்த பிறகே திரும்ப வைத்து, பெட்டியைத் தரையில் படாமல் மரப்பலகை மணையின் மேல் ஏற்றிவிடுங்கள்.