எல்லா மாறிகளையும் சேர்த்துவிட்டால் ஒட்டுறவு காரணமாகிவிடுமா?

கேள்வி:
இரண்டு மாறிகளுக்கிடையே வலுவான ஒட்டுறவு, அதாவது ஒன்று மாறும்போது மற்றதும் சேர்ந்து மாறுகிறது. தரவில் உள்ள மற்ற எல்லா மாறிகளையும் ரெக்ரஷனில் (மற்ற மாறிகளை நிலையாக வைத்து உறவை அளக்கும் கணக்கில்) சேர்த்த பிறகும் மறையவில்லை. இனிக் காரணம் என்று எழுதலாமா? எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பதில் 1:
சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சிறுநீரகக் கல் சிகிச்சைக் கணக்கு இது. திறந்த அறுவையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78%. தோலில் துளையிட்டுக் கல்லை எடுத்ததில் 289 பேருக்கு, 83%. துளை முறையே மேல் என்று தோன்றும். கல்லின் அளவை வைத்துப் பிரித்தால் தலைகீழ். 2 செ.மீ.க்குக் குறைந்த கற்களில் அறுவை 81/87 (93%), துளை 234/270 (87%). பெரிய கற்களில் அறுவை 192/263 (73%), துளை 55/80 (69%). பெரிய கல்காரர்கள் பெரும்பாலும் அறுவைக்குப் போனார்கள். பெரிய கல்லோ எந்த முறைக்கும் கடினம். அளவைச் சேர்த்தே ஆக வேண்டும்.

பதில் 2:
சரி, ஆனால் "எல்லாவற்றையும்" சேர்ப்பது ஆபத்து. அமெரிக்காவின் 1991ஆம் ஆண்டுப் பிறப்புத் தரவில், புகைக்கும் தாய்மாரின் குழந்தைகளிடையே சிசு மரணம், புகைக்காதவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டால், 1.55 மடங்கு. பிறப்பு எடையைச் சேர்த்தால் 1.05. எடை மிகக் குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்தால் 0.79! புகை குழந்தையைக் காக்கவில்லை. எடை புகையாலும் குறையும், பிறவிக் குறைபாட்டாலும் குறையும். புகைக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால், இரண்டாவது காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். எடை புகைக்குப் பின் வருவது. அதைக் கட்டுப்படுத்தினால் உண்மையான விளைவில் ஒரு பகுதி அழியும், பொய்யான உறவு ஒன்று முளைக்கும்.

பதில் 3:
சேர்க்க வேண்டிய மாறி எது, விட வேண்டியது எது என்று ரெக்ரஷன் தரும் கெழுவை (உறவின் அளவைச் சொல்லும் எண்ணை) பார்த்துப் பிரித்தறிய முடியாது. தரவைத் திறக்கும் முன்பே எது எதற்கு முந்தியது என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். முன்பே இருந்து, காரணம், விளைவு என்று நீங்கள் கருதும் இரண்டையும் பாதிப்பதைச் சேருங்கள். பின்னால் விளைவதைத் தொடாதீர்கள்.

அளக்காமல் விட்ட மாறிக்கும் ஒரு கணக்கு உண்டு. புகைப்பழக்கம், நுரையீரல் புற்று இரண்டுக்கும் ஒரே மரபணு காரணமாக இருக்கலாம் என்று புள்ளியியலாளர் ஃபிஷர் வாதிட்டார். 1959இல் இன்னொரு புள்ளியியலாளரான கார்ன்ஃபீல்டின் குழு பதில் சொன்னது: புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அதை முழுதாக விளக்கும் மறைமாறி அவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். அப்படியொன்றை யாரும் காட்டவில்லை. உங்கள் தரவில் ஆபத்து 1.2 மடங்குதான் என்றால், எளிய மறைமாறி ஒன்றே அதைக் கவிழ்த்துவிடும்.