புதுப்பிப்பு: 'பொரோ', 'லென்ட்' குழப்பம் தீர்ந்தது

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை பார்க்கும் என் தங்கச்சி ஆங்கிலத்தில் 'பொரோ' (borrow), 'லென்ட்' (lend) இரண்டையும் மாற்றிச் சொல்கிறாள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

வாக்கியங்களைப் பாடமாக்கியது சரிவரவில்லை. கைகொடுத்தது, தமிழோடு பொருத்திப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான்: இரவல் வாங்கினால் 'பொரோ', இரவல் கொடுத்தால் 'லென்ட்'. நமக்கு 'இரவல்' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதால் வந்த குழப்பம் இது. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். குடை கேட்டவரிடம் 'ஐ கேன் லென்ட் யூ திஸ்' என்று தயங்காமல் சொன்னாளாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராத ஒன்று: புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கு நீச்சல் கண்ணாடி வாடகைக்குக் கொடுக்கும்போதும் 'லென்ட்' என்றிருக்கிறாள். அவர்கள் இலவசம் என்று நினைத்துவிட்டார்கள். காசு வாங்கினால் 'ஹயர்' அல்லது 'ரென்ட்'. இப்போது அதையும் சேர்த்தே படிக்கிறாள்.