புதுப்பிப்பு: கோப்புகளைப் பிரிக்கச் செயற்கை நுண்ணறிவு
குவிந்துகிடந்த பழைய ஆவணங்களைச் செயற்கை நுண்ணறிவால் தானாக வகைப்படுத்த முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஒல்லாமா என்ற மென்பொருள் வழியாக, உரையைப் படித்து விடை தரும் மொழி மாதிரியைச் சொந்தக் கணினியிலேயே இயக்குவதால், வங்கி அறிக்கையோ வீட்டுப் பத்திரமோ வெளியே செல்வதில்லை. எனக்கு இதுவே முதன்மையான காரணம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான கோப்புகள்தான் பெரும் சிக்கலாக இருந்தன. அவற்றில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், மாதிரிக்கு அது தமிழாகவே தெரிவதில்லை. எல்லாவற்றையும் ‘இதர’ கோப்புறைக்கே பரிந்துரைத்தது. முதலில் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகு, கடிதம் எது, ரசீது எது என்று சரியாகப் பிரிக்கிறது.

மாதிரி எதையும் நேரடியாக நகர்த்துவதில்லை. பழைய பெயரையும் புதிய இடத்தையும் அட்டவணையாகத் தருகிறது. நான் சரிபார்த்த பின்னரே பைத்தான் மொழியில் எழுதிய நிரல் கோப்புகளை நகர்த்துகிறது.