பென்சன் எடுத்த பிறகு உடம்பு இறுகிக்கொண்டே போகிறது: எங்கே நடப்பது, எப்படி நாளைக் கொண்டுபோவது?

கேள்வி: கொக்குவில் ரீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். 2022 தொடக்கத்தில் இலங்கையில் அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள். சரி, இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது என்று நானும் மனத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன். அந்த வருடம் முடியுமுன்னரே அதைத் திரும்பவும் 60 ஆக்கி, அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் டிசம்பர் 31 உடன் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓ.எல். வகுப்புக்குத் திரிகோணகணிதம் பாதியில் நின்றது. பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் போன காலத்தில் உடற்பயிற்சி என்ற ஒன்றைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. விடிய எழும்பிச் சமைத்து, ஸ்கூட்டியில் ஓடி, மேல்மாடி வகுப்புக்கு ஏறி இறங்கி, நின்றபடியே பாடம் எடுத்து, பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கால் கடுக்கும். ஆனால் முழங்கால் நோகவில்லை. இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன், கதிரையை விட்டு எழும்பும்போது கையை ஊன்றாமல் எழும்ப முடியவில்லை. நிறை கூடிவிட்டது. பிரசருக்குக் குளிசை போடுகிறேன். கடைசியாகப் பார்த்தபோது வெறுவயிற்றுச் சீனி 118. டொக்டர் "எல்லையில் நிற்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எல்லையில் நிற்பவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

என் கணவரும் ஓய்வுபெற்றவர்தான். காலையில் சனசமூக நிலையத்துக்குப் போவார், எல்லாப் பேப்பரையும் வாசிப்பார், நாலு பேருடன் அரசியல் கதைப்பார், பதினொரு மணிக்குத் திரும்பி வந்து "இன்றைக்கு என்ன கறி" என்று கேட்பார். குறை சொல்லவில்லை, நல்ல மனிதர். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஓய்வு. எனக்குக் கிடைத்தது குசினிக்கு இடமாற்றம். எங்கள் ஊரில் ஆம்பிளைகள் போய் இருப்பதற்கு வாசிகசாலை, கோயில் மடம், சந்திக் கடை வாங்கு என்று எத்தனையோ இடம். ஒரு பெண் காரணம் இல்லாமல் போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வர எந்த இடம் இருக்கிறது?

நித்திரையும் குழம்பிவிட்டது. லண்டன் மகள் வேலை முடிந்து எடுக்கும்போது இங்கே இரவு பதினொன்று ஆகிவிடும். கனடா மகன் இராச்சாப்பாடு முடித்துவிட்டு எடுப்பான், அது இங்கே விடிய ஐந்தரை. இரண்டு பேரையும் பார்க்காமல் விட மனம் வராது. நடுவில் தூங்கினால் தூக்கம்.

ஒழுங்கையில் நடந்து பார்த்தேன். முதலாவது நாய்கள். இரண்டாவது சனம். "என்ன ரீச்சர், ஸ்கூட்டி பழுதோ?" என்று படலைக்குப் படலை கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் அது நடை இல்லை, ஊர்வலம்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது. தும்மினாலோ, வேகமாக நடந்தாலோ கொஞ்சம் சிறுநீர் கசிகிறது. அதனால் வெளியில் போவதென்றால் தண்ணீர் குடிக்காமல் போகிறேன். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பழக்கந்தான், ஆசிரியர்களின் கழிப்பறை இருந்த நிலைக்கு யாரும் தண்ணீர் குடிக்கத் துணிய மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் டியூசன் தொடங்கச் சொல்லி நெருக்குகிறார். அதையும் யோசிக்கிறேன். என் வயதில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

---

பதில்: முன்னாள் மிஸ்ஸி, மானிப்பாய்

ரீச்சர், கூச்சம் என்று கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். தாதியாக இருந்த காலத்தில் வார்ட்டில் எத்தனையோ அம்மாமார் என்னிடம் இதைக் காதுக்குள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பெற்று, மாதவிடாய் நின்ற பிறகு இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதால் வருவது இது. அதற்குப் பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல, காற்றுப் போகாமல் பிடிப்பதுபோல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து செக்கன் பிடித்து விடுங்கள். பத்துத் தரம். நாளுக்கு மூன்று முறை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்து பழக வேண்டாம். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். தண்ணீரைக் குறைப்பது உதவாது, சிறுநீர் தடித்து இன்னும் எரிச்சல் தரும், மலச்சிக்கலும் சேர்ந்தால் கசிவு கூடும். அதற்காக ஒரேயடியாகச் செம்பு செம்பாகக் குடிக்கவும் வேண்டாம். பயிற்சி செய்தும் குறையவில்லை, அல்லது எரிவோ இரத்தமோ இருக்கிறது என்றால் பெண்நோயியல் கிளினிக். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் பொறுத்திருந்து பார்க்காமல் காட்டிவிட வேண்டும். இதை எல்லோருக்குமாகத்தான் எழுதுகிறேன்.

முழங்கால். நோகிறது என்று இருந்துவிட்டால் தொடைத் தசை வற்றும், தசை வற்றினால் பாரம் முழுக்க மூட்டில் விழும், பிறகு இன்னும் நோகும். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், வழுக்கும். கையை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாக எழும்பி, அதைவிட மெதுவாக இருங்கள். முடியாவிட்டால் ஆரம்பத்தில் இருக்கையில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். சோறு வேகும் நேரத்தில் குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிறகு மற்றக் கால். சமநிலைக்கு இது. எங்கள் ஊரில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி இடுப்பு உடைந்து வந்தவர்களை நான் கொஞ்சமாகப் பார்க்கவில்லை. பிரசர்க் குளிசை போடுகிறவர்கள் இரவில் சடாரென்று எழும்பினால் தலை சுற்றும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புங்கள்.

118 என்றால் நீரிழிவு இல்லை, 100 இலிருந்து 125 வரை அதற்கு முந்திய நிலை. 126 இலும் அதற்கு மேலும் திரும்பத் திரும்ப வந்தால்தான் நீரிழிவு என்பார்கள். இந்த இடத்தில் நின்றே பின்னுக்குப் போகலாம். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் உடைக்கலாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் நிறை, பிரசர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்த்து, கதைக்கவும் நேரம் தருவார்கள்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோப்பையில் சோறு மலையாகவும் மீன் ஒரு துண்டாகவும் இருந்தால் தசை எங்கிருந்து வரும்? சூடை, நெத்தலி மலிவாகக் கிடைக்கும் நாளில் நிறைய வாங்குங்கள், நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். மரக்கறி நாட்களில் பருப்பு, கடலை, பயறு, சோயா. முருங்கையிலை வறை வளவிலேயே இருக்கிறது. குரக்கன் நல்லது என்று நீத்துப்பெட்டி நிறைய அவித்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. குரக்கனும் மாச்சத்துத்தான், அளவு அளவுதான்.

---

பதில்: சுன்னாகத்தான்

சுகர் எல்லையில் நின்றால் வேப்பிலைச் சாறும் வெந்தயமும் விடிய வெறுவயிற்றில் குடித்தால் ஒரு கிழமையில் இறங்கும். குளிசை எல்லாம் கொம்பனிக்காரர் வியாபாரம். நிற்பாட்டிவிடுங்கள்.

---

பதில்: முன்னாள் மிஸ்ஸி, மானிப்பாய்

தம்பி, வெந்தயம் குடிக்கட்டும், நான் மறிக்கவில்லை. பிரசர்க் குளிசையை நிற்பாட்டச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். நிற்பாட்டிவிட்டு வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்து வருகிறவர்களைத் தூக்கிக் கட்டிலில் போட்ட கைகள் இவை.

---

பதில்: பண்ணைக் காற்று

ரீச்சர், நானும் அதே டிசம்பர் 31 இல் வெளியே வந்தவள், கந்தோர் வேலை. நடக்க இடம் கேட்டீர்கள். ஒழுங்கையில் நடக்காதீர்கள், தெரிந்த முகங்கள் அதிகம். நாங்கள் கொஞ்சப் பேர் விடியக் காலமை யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் போகிறோம். கோட்டையைச் சுற்றி அகழியோரமாக நடந்து பண்ணைக் கடற்கரைப் பக்கம் வந்தால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். அங்கே எல்லோரும் நடக்கத்தான் வருகிறார்கள், ஒருவரும் "எங்கே போறியள்" என்று கேட்பதில்லை. கோட்டை தூரம் என்றால் ஆரியகுளத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. நல்லூர்க் கோயில் வீதியும் சமதரை, வெளிச்சமும் உண்டு, கும்பிட்டது மாதிரியும் ஆகும், வீட்டில் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: திருவிழாக் காலத்தில் சீனி வருத்தம் உள்ளவர்கள் வெயிலில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலுக்கு மணல் சுட்டது தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். விடியப் பூசைக்குப் போங்கள், சுவாமி அப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

உங்கள் பழைய லேடீஸ் சைக்கிள் இன்னும் இருக்கிறதா? தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் அதில்தானே பள்ளிக்கூடமும் கந்தோரும் போனோம். 2022 இல் எரிபொருள் வரிசை வந்தபோது நான் திரும்ப எடுத்தேன், பிறகு விடவில்லை. உடம்பின் பாரம் இருக்கையில் இருப்பதால் முழங்காலுக்கு நடையைவிடச் சுகம். இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் முழங்கால் அதிகம் மடியாது. காங்கேசன்துறை வீதியில் மட்டும் ஓடாதீர்கள், பஸ்காரர் எங்களைக் கணக்கெடுக்க மாட்டார்கள். உள்வீதிகளால் வாருங்கள்.

டியூசன் பற்றி என் கருத்து: தொடங்கினால் பின்னேரம் முழுக்கக் கதிரைதான், சனி ஞாயிறும் போகும். எங்கள் நடைக்கூட்டத்தில் ஒரு இங்கிலிஸ் ரீச்சர் அப்படித் தொடங்கி இப்போது நடைக்கே வருவதில்லை. காசு தேவை என்றால் வேறு கதை.

---

பதில்: ஸ்காபரோ மகள்

அன்ரி, உங்கள் மகனின் வயதுதான் எனக்கும். என் அம்மா கோண்டாவிலில் தனியே இருக்கிறா. நாங்கள் எங்களுக்கு வசதியான நேரத்தில்தான் எடுப்போம், அம்மா எந்த நேரமும் சிரித்துக்கொண்டு எடுப்பா, அதனால் அவவின் நித்திரை போவது எங்களுக்குத் தெரியாது. அம்மா ஒரு நாள் நேராகவே சொன்னா: "பிள்ளை, ஒன்பதுக்கு மேலே நான் போன் எடுக்கமாட்டன், ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக் கதைப்பம்." முதலில் கோபம் வந்தது. இப்போது இங்கே சனி இரவு, அங்கே ஞாயிறு காலை, ஒரு மணித்தியாலம் நன்றாகக் கதைக்கிறோம். இடைநாட்களில் குரல் பதிவு போடுவா, முருங்கைக்காய் விலை முதல் யார் வீட்டுச் சாமத்தியம் என்பது வரை எல்லாம் வரும். நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லாவிட்டால் எங்களுக்கு உண்மையாகவே தெரியாது.

---

பதில்: கொக்குவில் ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மிஸ்ஸி எழுதியதை வாசித்துவிட்டுக் கதிரையில் எழும்பிப் பார்த்தேன். தலையணை வைத்துத்தான் முடிந்தது. கணவர் பார்த்துவிட்டு, என்ன விளையாட்டு என்று தானும் வந்து செய்தார், அவருக்கும் தலையணை வேண்டியிருந்தது. எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம், ஒளிக்கவில்லை.

சைக்கிள் பின்விறாந்தையில் நிற்கிறது, ரயர் இரண்டும் மாற்ற வேண்டும். பிள்ளை, லண்டன்காரியிடம் நேரத்தைப் பற்றிக் கதைத்தேன். "அம்மா, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை" என்று என்னிலேயே ஏறினாள். கனடாக்காரனின் ஐந்தரை எனக்குப் பிரச்சினை இல்லை, அதை வைத்துக்கொள்கிறேன். அவனைக் காதில் போட்டுக்கொண்டு முற்றம் கூட்டலாம்.

டியூசன் விஷயத்தில் பண்ணைக் காற்று சொன்னதை முழுக்க ஏற்க முடியவில்லை. என்னை ஒருவரும் எதிர்பார்க்காத நாள் என்பதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. விடிய எழும்பினாலும் பத்து மணிக்கு எழும்பினாலும் ஒன்றும் குறையாது என்றால் பிறகு எதற்கு எழும்புவது? ஆகவே மூன்று பிள்ளைகளை மட்டும் எடுக்கலாம் என்று இருக்கிறேன், கிழமையில் இரண்டு பின்னேரம், கரும்பலகை வாங்கி நின்றபடிதான் படிப்பிப்பேன். காசு வாங்குவதா இல்லையா என்பதில் வீட்டில் இன்னும் வாக்குவாதம்.

மிஸ்ஸியிடம் ஒரு கேள்வி. கந்தசஷ்டி ஆறு நாளும் நான் பகலில் ஒன்றும் சாப்பிடாமல் இரவில் பாலும் பழமும் மட்டும் எடுப்பது வழக்கம். இந்தப் பிரசரோடும் 118 ஓடும் பிடிக்கலாமா?

---

பதில்: முன்னாள் மிஸ்ஸி, மானிப்பாய்

உங்களுக்கு இப்போது சீனிக்குக் குளிசை இல்லைத்தானே, அப்படியென்றால் சீனி இறங்கி மயங்கும் பயம் குறைவு. சீனியை இறக்கும் கிளிக்கிளசைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள்தான் பட்டினி கிடந்து விரதநாளில் விழுந்து வருகிறவர்கள், அவர்கள் டொக்டரிடம் கேட்காமல் பிடிக்கவே கூடாது. உங்களுக்குக் கவனிக்க வேண்டியது பிரசர்க் குளிசை. அதில் சில சிறுநீரைக் கூட்டும், தண்ணீரும் இல்லாமல் இருந்தால் பிரசர் இறங்கித் தலை சுற்றும். எனவே விரதத்துக்கு முந்தி கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டி, என்ன குளிசை, எந்த நேரம் என்று கேளுங்கள். தண்ணீரை மட்டும் விட வேண்டாம். பாறணையன்று காய்ந்த வயிற்றில் வடையும் பாயசமுமாக இறக்கவும் வேண்டாம், முதலில் கொஞ்சச் சோறும் மரக்கறியும் சாப்பிடுங்கள்.

பத்து நாளைக்குப் பிறகு தலையணை இல்லாமல் எழும்ப முடிகிறதா என்று இதிலேயே எழுதுங்கள். ஐயாவையும் எழுதச் சொல்லுங்கள்.